98ஆ, 86ஆ? வீட்டில் பார்க்கும் ஒட்சிசன் அளவைக் கணினியில் பதிந்து வைப்பது எப்படி

போன மாரியில் ஒருநாள் இரவு பத்தரை மணிக்குப் பெரியம்மா போன் எடுத்தார். "தம்பி, பெரியப்பாவுக்கு 86 காட்டுது. உடன வா." பின்னால் பெரியப்பா தொலைக்காட்சிச் செய்தியில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தது வடிவாகக் கேட்டது. 86க்கு இறங்கிய மனிதருக்கு இப்படி ஏச மூச்சு வராதே என்று நினைத்துக்கொண்டே திருகோணமலை உவர்மலையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். (அப்படி நினைத்தது பிழை. ஒட்சிசன் குறைந்த நிலையிலும் சாதாரணமாகக் கதைப்பவர்கள் உண்டு, கொவிட் காலத்தில் பார்த்தோம்.) போய்ப் பார்த்தால் அவர் விரலில் மாட்டியிருந்த ஒக்சிமீற்றரில், அதாவது குருதியில் எத்தனை சதவீதம் ஒட்சிசன் ஏறியிருக்கிறது என்று காட்டும் சிறு கருவியில், 98. பெரியம்மா கண்ணாடி போடாமல் எதிர்ப்பக்கம் நின்று, எண்ணைத் தலைகீழாக வாசித்திருக்கிறார்.

நம்பாவிட்டால் ஒரு கல்குலேட்டரில் 98 என்று அடித்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், 86 தெரியும். 99 என்றால் 66. 96 என்றால் எந்தப் பக்கம் திருப்பினாலும் 96தான்.

அடுத்த நாள் காலையில் பெரியம்மா எழுதிவைத்திருந்ததை எல்லாம் எடுத்துக் காட்டினார். கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் 97, 94, 72, 95, 81 என்று வரிசையாக எண்கள். நேரம் இல்லை. சிலவற்றுக்குத் திகதியும் இல்லை. 72 என்பது நாடித்துடிப்பு என்று எனக்குத் தெரியும். 81 நாடியா ஒட்சிசனா என்று அவருக்கே நினைவில்லை. கிளினிக்கில் டொக்டர் இந்தக் கட்டை வாங்கி இரண்டு தாளைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். அவரைக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் இந்த வேலையைக் கணினிக்கு மாற்றினேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: கணினி உங்கள் அளவைத் திருத்தித் தராது. பிழையாக எடுத்த எண்ணை எக்செலில் போட்டால் அது அழகாகக் கோடு போட்ட பிழை, அவ்வளவுதான். எந்த நேரம், எந்த நிலையில், யார் எப்படி எடுத்தது என்ற விவரம் எண்ணோடு கூடவே நிற்கும். கணினியால் கிடைப்பது அதுதான், டொக்டருக்குத் தேவைப்படுவதும் அதுதான்.

எதற்காகப் பார்க்கிறீர்கள்?

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான். வீடுகளில் இரண்டு விதமான தேவை இருக்கிறது. ஒன்று, பகலில் இரண்டு மூன்று தடவை விரலில் மாட்டிப் பார்ப்பது. நாட்பட்ட சுவாசத்தடை நோய் (டொக்டர்மார் சீஓபிடி என்பார்கள்), இதயப் பலவீனம், நியூமோனியா வந்து தேறுவது, வீட்டில் ஒட்சிசன் மெசின் போட்டிருப்பது எல்லாம் இதில் வரும். இதற்கு எக்செல் போதும்.

மற்றது, இரவு முழுவதும் மாட்டிவிட்டுத் தூங்குவது. பெரிய குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழும்புவது, காலையில் தலையிடி என்று சொல்பவர்களை டொக்டர் இப்படிப் பார்க்கச் சொல்லலாம். இதற்கு நினைவகம் உள்ள கருவியும் தனி மென்பொருளும் வேண்டும்.

இரண்டும் இல்லை, சும்மா வாங்கி வைத்திருக்கிறோம் என்றால் பதிவே தேவையில்லை. ஒன்றுமில்லாதவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விரலில் மாட்டிப் பார்ப்பது புதுக் கவலை ஒன்றைத்தான் கொண்டுவரும்.

விரலில் மாட்டுவதற்கு முன்

கருவிக்குள் இரண்டு ஒளி இருக்கிறது. ஒன்று 660 நனோமீற்றர் அளவிலான சிவப்பு, மற்றது 940 நனோமீற்றர் அளவிலான அகச்சிவப்பு. ஒட்சிசன் ஏறிய குருதி அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஒட்சிசன் இல்லாத குருதி சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் விரலில் குருதி ஏறி இறங்கும்போது இந்த இரண்டின் விகிதத்தைப் பார்த்துக் கருவி சதவீதத்தைக் கணக்குப் போடுகிறது. ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அயோயாகி 1974ஆம் ஆண்டளவில் கண்டறிந்த வழி இது. துடிப்பு இல்லாவிட்டால் கணக்கும் இல்லை. அதனால்தான் விரல் குளிர்ந்திருந்தால் எண் தடுமாறுகிறது.

மாரி காலத்தில் கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்தவுடன் மாட்டினால் எங்கள் வீட்டில் 91, 92 என்றுதான் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருந்துவிட்டு மாட்டினால் அதே ஆளுக்கு 96.

எடுக்கும் முறை இது. ஐந்து நிமிடம் கதிரையில் பேசாமல் இருக்க வேண்டும். சுட்டுவிரல் அல்லது நடுவிரலில், நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலில் மாட்டுங்கள். கலியாண வீட்டுக்கு இரண்டு கைக்கும் மருதாணி போட்டுக்கொண்டு வந்த எங்கள் மச்சாளுக்கு ஒரு விரலிலும் சரியாக எடுக்க முடியவில்லை. கையை மேசையில் வைத்து ஆட்டாமல் இருங்கள். ஜன்னல் வெயில் நேராகக் கருவியில் விழக்கூடாது. மாட்டியவுடன் வரும் முதல் எண்ணை எழுத வேண்டாம். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் பொறுத்து, ஒரே இடத்தில் நிற்கும் எண்ணை எழுதுங்கள். சதவீதக் குறி பக்கத்தில் இருப்பது ஒட்சிசன், இதயப் படமோ நாடியைக் குறிக்கும் PR என்ற எழுத்தோ உள்ளது துடிப்பு. எண்கள் நேராகத் தெரியும் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள், பெரியம்மா பட்ட பாடு போதும்.

சந்தேகம் வந்தால் மறு கையின் மணிக்கட்டில் நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கருவி காட்டும் துடிப்பும் நீங்கள் எண்ணியதும் பெரிதாக விலகினால் அந்த ஒட்சிசன் எண்ணையும் நம்ப வேண்டாம்.

எங்கள் நிறத்தவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கறுத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் வாய்ப்பு இருக்கிறது. அமெரிக்க வைத்தியசாலைகளில் கறுப்பின நோயாளிகளையும் வெள்ளையின நோயாளிகளையும் ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஆய்வில், குருதிப் பரிசோதனையில் தெரிந்த குறைவைக் கருவி தவறவிட்டது கறுப்பினத்தவர்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு. அடுத்த வருடம் அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரிக்கை விட்டது. ஆகவே 93 காட்டுகிறது, ஆள் களைத்துப்போய் இருக்கிறார் என்றால் நம்ப வேண்டியது ஆளை.

அடுத்தது புகை. மூடிய அடுப்படியில் பொச்சுமட்டை எரிந்த புகை, கரண்ட் போனபோது வீட்டுக்குள் ஓடவிட்ட ஜெனரேட்டர் புகை இரண்டிலும் காபன் மொனொக்சைட் இருக்கிறது. அது ஏறிய குருதியை இந்தக் கருவி ஒட்சிசன் ஏறியதாகவே கணக்கெடுக்கும். ஆள் மயங்கிக் கிடக்க, கருவி 98 காட்டும். அப்படி ஒரு நிலை வந்தால் கருவியைத் தேடாமல் ஆளை வெளியே தூக்குங்கள்.

பெட்டியில் பிழை வீச்சு கூட்டல் கழித்தல் 2 என்று போட்டிருக்கும். 94 என்று காட்டினால் உண்மை 92இலிருந்து 96 வரை எங்கேயும் இருக்கலாம், சில வேளை அதற்கும் வெளியே போகும். 95இலிருந்து 94க்கு இறங்கிவிட்டது என்று ஓட்டோ பிடிக்க வேண்டியதில்லை.

தாளை அமைப்பது

எக்செல் இருந்தால் எக்செல். இல்லாவிட்டால் லிப்ரே ஒபிஸ் இலவசம். அதில் உள்ள கல்க் இதே வேலையைச் செய்யும், பழைய லப்டொப்பிலும் ஓடும். ஒரு புதிய தாளைத் திறந்து முதல் நிரையில் நிரல்களுக்குப் பெயர் கொடுங்கள்: திகதி, நேரம், ஒட்சிசன், துடிப்பு, நிலை, ஒட்சிசன் மெசின், யார் எடுத்தது, குறிப்பு. எட்டு நிரல். இதற்கு மேல் வைத்தால் ஒரு கிழமையில் எழுதுவதை விட்டுவிடுவீர்கள். நான் முதலில் பதினான்கு வைத்தேன். அறை வெப்பநிலைகூட இருந்தது. நாலாம் நாள் பெரியம்மா பழையபடி நாள்காட்டித் தாளுக்குப் போய்விட்டார்.

திகதியில்தான் முதல் சிக்கல் வரும். நாங்கள் நாள், மாதம், வருடம் என்று எழுதிப் பழகியவர்கள். கடையில் விண்டோஸ் ஏற்றிக் கொடுக்கும்போது பெரும்பாலும் அமெரிக்க முறையில் விட்டுவிடுவார்கள், அது மாதத்தை முதலில் எடுக்கும். நீங்கள் ஏப்ரல் 3 என்று நினைத்து 3/4 என்று அடித்தால் அது மார்ச் 4 என்று வைத்துக்கொள்ளும். 13ஆம் திகதியிலிருந்து எண் மாதத்துக்குப் பொருந்தாததால் எழுத்தாகவே விட்டுவிடும். மாத முடிவில் கோடு வரைந்து பார்த்தால் பாதி நாட்கள் வேறு மாதத்தில் சிதறிக் கிடக்கும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் நடுவில் சிறு கோடு போட்டு அடியுங்கள். எந்தக் கணினியிலும் குழம்பாது. நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுங்கள்: பின்னேரம் ஐந்து என்றால் 17:00.

"நிலை" என்ற நிரலில் மூன்றே சொல்: இருந்து, படுத்து, நடந்து. ஒட்சிசன் மெசின் நிரலில் இல்லை என்றோ, ஓடினால் எத்தனை லீற்றர் என்றோ எழுதுங்கள். ஒரு லீற்றர் ஒட்சிசனோடு 94 வருவதும் சும்மா 94 வருவதும் ஒன்றல்ல.

பிறகு கணினியைக் காவல் வையுங்கள். ஒட்சிசன் நிரலைத் தேர்ந்து, டேட்டா மெனுவுக்குள் போனால் எக்செலில் டேட்டா வலிடேஷன் என்றும் கல்கில் வலிடிட்டி என்றும் இருக்கும். முழு எண், 50 முதல் 100 வரை மட்டும் என்று கொடுத்துவிட்டால், யாராவது அவசரத்தில் 977 என்று அடித்தாலோ துடிப்பான 112ஐ ஒட்சிசன் நிரலில் போட்டாலோ கணினி ஏற்காது. 72ஐ ஏற்றுவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அதற்காகத்தான் நிறம்.

கண்டிஷனல் ஃபோர்மற்றிங் எக்செலில் ஹோம் பட்டையிலும், கல்கில் ஃபோர்மற் மெனுவிலும் இருக்கும். டொக்டர் சொன்ன எல்லைக்குக் கீழே போனால் அந்தக் கட்டம் மஞ்சளாக வேண்டும் என்று அமைத்துவிடுங்கள். எல்லையை டொக்டரிடம் கேளுங்கள். அயல்வீட்டாரிடம் கேட்க வேண்டாம், என்னிடமும் வேண்டாம். நல்ல சுகமாக இருப்பவருக்குப் பொதுவாக 95இலிருந்து 100. ஆனால் நாட்பட்ட சுவாசத்தடை நோய் உள்ள சிலருக்கு ஒட்சிசன் கொடுக்கும்போது டொக்டர்மார் 88 முதல் 92 வரைதான் குறிவைப்பார்கள். அவர்களுக்கு அளவை ஏற்றிவிட்டால் குருதியில் கரியமில வாயு கூடி ஆபத்தாகிவிடும். எண் குறைவாகத் தெரிகிறதே என்று மெசினை நீங்களாகத் திருகிக் கூட்டவே வேண்டாம். எங்கள் திருகோணமலை கடல்மட்டத்தில் இருப்பதால் உயரம் என்ற சாட்டு இங்கே செல்லாது. 1868 மீற்றர் உயர நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனால் சுகதேகிக்கும் எண் ஓரளவு இறங்கும், அந்த நாட்களைக் குறிப்பில் எழுதிவையுங்கள்.

குறிப்பு நிரலைத் தமிழில் எழுதுங்கள், ஆனால் யுனிகோட்டில். எங்கள் பக்கம் இன்னும் பலருக்குப் பாமினியில்தான் கை ஓடும். பாமினியில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் யுனிகோட் விசைப்பலகை வந்துவிடும். போனில் தமிழில் அடித்து வட்ஸ்அப்பில் அனுப்பி ஒட்டினாலும் சரி. "பம்ப் அடிக்க மறந்தது" (பம்ப் என்பது வாயில் அடித்து மூச்சோடு இழுக்கும் மருந்து), "இருமல் கூட, மஞ்சள் சளி", "கச்சான் காற்று, வளவு கூட்டினார், தூசி" என்று மூன்று நாலு சொல் போதும்.

நாளுக்கு எத்தனை தடவை? டொக்டர் வேறு சொல்லாவிட்டால் காலையில் எழும்பிச் சற்று நேரம் கழித்து ஒன்று, பின்னேரம் ஒன்று, ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில். களைப்பு வந்தால் அப்போதும் ஒன்று.

எண்களைக் கோடாக்குவது

இரண்டு கிழமை சேர்ந்தபிறகு திகதியையும் ஒட்சிசனையும் தேர்ந்து கோட்டு வரைபடம் ஒன்று போடுங்கள். உடனே பயந்துபோவீர்கள். கணினி அச்சைத் தானே தேர்ந்துகொள்வதால் 95க்கும் 97க்கும் நடுவில் உள்ள அசைவு சாமிமலைப் பாறை மாதிரி ஏறி இறங்கித் தெரியும். நிலைக்குத்து அச்சில் இருமுறை சொடுக்கி, கீழ் எல்லையை 80, மேல் எல்லையை 100 என்று கையால் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே எல்லை. அப்போதுதான் ஜனவரித் தாளையும் ஏப்ரல் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கிழமைக்கு ஒரு எண் வேண்டுமென்றால் சராசரியை எடுக்காமல் இடையத்தை எடுங்கள், எக்செலில் மீடியன் என்ற பெயரில் இருக்கும். ஏன் என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன். ஏழு நாள் காலை அளவுகள் 95, 96, 95, 82, 94, 95, 96. நடுவில் வந்த 82 குளிர்ந்த விரலில் வந்த பிழை. சராசரி 93.3, ஆள் இறங்கிவிட்டார் என்று தோன்றும். இடையம் 95, இறங்கவில்லை. ஆனால் அந்த 82ஐ அழிக்க வேண்டாம். அழிக்கத் தொடங்கினால் பிடிக்காத எண்ணையெல்லாம் அழிக்கக் கை பழகிவிடும். இன்னொரு தடவை அளந்து அடுத்த நிரையில் எழுதி, முதலாவதன் பக்கத்தில் "கை குளிர், திரும்ப எடுத்தது" என்று குறித்துவிடுங்கள்.

இரவுப் பதிவு

இதை என்னை வைத்தே பழகினேன். என் குறட்டை பக்கத்து வீட்டுக்கும் கேட்கிறது என்று மனைவி சொன்னதால் டொக்டரிடம் போனேன், அவர் ஒரு இரவு பதிந்து பார்க்கச் சொன்னார்.

கருவி வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: நினைவகம் இருக்கிறதா, அதிலிருந்து கணினிக்கு எடுக்க வழி இருக்கிறதா? பார்மசியில் கிடைக்கும் சாதாரண ஒக்சிமீற்றர்களில் இரண்டும் இருக்காது. கொன்டெக் நிறுவனத்தின் சிஎம்எஸ்50 வரிசையில் சில மாடல்கள் யூஎஸ்பி வயரோடு வரும். வெல்யூ ஓ2ரிங் போன்ற மோதிர வகை புளூடூத்தில் போனுக்கு அனுப்பும், அங்கிருந்து பைலாக எடுக்கலாம். ஸ்மார்ட் கடிகாரத்தில் வரும் ஒட்சிசன் எண்ணை இந்த வேலைக்கு நான் எடுக்க மாட்டேன்.

கருவியோடு வரும் மென்பொருள் ஓடினால் அதுவே போதும். நான் ஒஸ்கார் என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறேன். தூக்கத்தில் மூச்சுவழி அடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் சீபாப் மெசின் போடுபவர்களுக்காகத் தன்னார்வலர்கள் செய்தது, ஸ்லீப்பிஹெட் என்ற பழைய மென்பொருளிலிருந்து கிளைத்து 2019இல் வந்தது. விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சீபாப் இல்லாதவர்களும் ஒக்சிமீற்றர் பதிவை மட்டும் ஏற்றலாம்.

நிறுவியதும் பயனர் ஒருவரை உருவாக்கச் சொல்லும். நேர வலயத்தைக் கொழும்பு என்று தேர்ந்தெடுங்கள். வரவேற்புப் பக்கத்தில் ஒக்சிமெட்ரி விசார்ட் என்று ஒரு படம் இருக்கும், அதைச் சொடுக்கினால் கருவியிலிருந்து நேராக எடுப்பதா, பைலிலிருந்து எடுப்பதா, வயரோடு மாட்டியபடி நேரடியாகப் பதிவதா என்று கேட்கும். முதலாவது சரிவராவிட்டால் இரண்டாவதுக்குப் போங்கள். கருவியின் சொந்த மென்பொருளில் பைலாகச் சேமித்துவிட்டு அதை ஏற்றலாம்.

வயரைச் செருகியும் கணினி கண்டுகொள்ளாவிட்டால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். வீட்டு இலாச்சிகளில் கிடக்கும் வயர்களில் பாதி சார்ஜ் மட்டும் ஏற்றும், தரவு கடத்தாது. அதன்பிறகுதான் டிரைவரைத் தேட வேண்டும்.

அடுத்தது மணிக்கூடு. எனக்கு வந்த கருவி சீன நேரத்தில் இருந்தது, எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. இரவு பத்து மணிக்குப் படுத்தவன் பன்னிரண்டரைக்குப் படுத்ததாக வரைபடம் காட்டியது. இரண்டு மணிக்கு எழும்பிக் கழிவறை போனபோது கருவி கழன்றது எனக்குத் தெரியும், ஆனால் கோடு நாலரைக்கு அறுந்திருந்தது. அதை வைத்துத்தான் பிடித்தேன். சில மாடல்கள் தொடக்க நேரத்தைப் பதிவதே இல்லை, ஏற்றும்போது நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ஆகவே படுக்கும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியை ஒரு தாளில் எழுதிவையுங்கள். இன்னும் சில கருவிகளில் புதிய பதிவைத் தொடங்கினால் பழையது அழிந்துவிடும். காலையில் எழும்பியவுடன் பல் தீட்டுவதற்கு முன்னே கணினிக்கு மாற்றிவிடுகிறேன்.

மாட்டும்போது வயரை விரலிலிருந்து மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து ஒரு சிறிய பிளாஸ்டர் துண்டால் ஒட்டுங்கள். புரண்டு படுத்தாலும் கழராது. இறுக்கிக் கட்ட வேண்டாம், இறுகினால் குருதி ஓட்டம் குறைந்து எண்ணும் விழும்.

நொடிக்கு ஒரு எண் பதியும் கருவியில் எட்டு மணி நேரத்துக்கு 28,800 எண் சேரும். அதை ஒவ்வொன்றாகப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. மணிக்கு எத்தனை தடவை 3 அல்லது 4 சதவீதம் இறங்கி ஏறியிருக்கிறது என்பது ஒன்று. எட்டு மணியில் 40 இறக்கம் என்றால் மணிக்கு 5. மொத்தத்தில் எவ்வளவு நேரம் 90க்குக் கீழே இருந்தது என்பது மற்றது. 3 சதவீதமா 4 சதவீதமா என்பதை மென்பொருளின் அமைப்பில் பார்த்து, எதை வைத்தீர்களோ அதையும் எழுதிக்கொடுங்கள். எல்லையை மாற்றினால் எண்ணிக்கையும் மாறிவிடும்.

மூச்சு நின்று நின்று வருபவரின் வரைபடம் மரம் அறுக்கும் வாளின் பல்லைப் போல, சரிந்து சரிந்து ஏறி வரும், ஒவ்வொரு ஏற்றத்திலும் துடிப்பும் எகிறும். ஒரே நொடியில் 96இலிருந்து 70க்குக் கிணற்றில் கல் விழுந்தது போல் இறங்கி அடுத்த நொடி திரும்பி வந்தால் அது பெரும்பாலும் கை அசைந்தது. எதுவானாலும் இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம். நல்லபடி வந்த வரைபடமும் ஒன்றுமில்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல. டொக்டர் முழுத் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

பதிவை விட்டுவிட வேண்டிய நேரம்

மூச்செடுக்க முடியாமல் வசனத்தை முடிக்கத் திணறினால், உதடோ நகமோ நீலம் பாரித்தால், ஆள் குழம்பிக் கதைத்தால், நெஞ்சு நொந்தால், அல்லது வழக்கமாக 95இல் இருப்பவர் கை சூடாக்கித் திரும்ப எடுத்தும் 90க்குக் கீழேயே நின்றால், எக்செலைத் திறக்காமல் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. பட்டினத்தில் இருந்தால் மாவட்டப் பொது வைத்தியசாலை, கிண்ணியா, மூதூர்ப் பக்கம் என்றால் அங்குள்ள ஆதார வைத்தியசாலை. எண் நன்றாக இருந்து ஆள் நன்றாக இல்லாவிட்டாலும் இதேதான்.

சின்னச் சின்ன விஷயங்கள்

எங்கள் கடற்காற்றின் உப்பு பற்றரி முனைகளை அரித்துவிடும். தினமும் பாவிக்காத கருவி என்றால் பற்றரியைக் கழற்றி, மூடி இறுகிய போத்தலுக்குள் போட்டு வையுங்கள். 2022இல் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தில் எத்தனை பேரின் திறந்திருந்த பைல் அழிந்தது என்று நினைவிருக்கும். தானாகச் சேமிக்கும் வசதியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்து, ஞாயிறுதோறும் ஒரு பென் டிரைவிலும் நகல் எடுங்கள். கரண்ட் இல்லாத நாளுக்கு ஒரு கொப்பியும் அதே எட்டு நிரலோடு இருக்கட்டும். பைலுக்கு ஒரு கடவுச்சொல் போடுங்கள். கொமியூனிகேஷன் கடையில் பிறிண்ட் எடுத்தால் அந்தக் கணினியிலிருந்து அழித்துவிட்டு வாருங்கள்.

கிளினிக்குக்குக் கொண்டுபோக ஒரு பக்கம் போதும். மேலே பெயர், வயது, கிளினிக் எண், கருவியின் மாடல். நடுவில் வரைபடம். கீழே கிழமை இடையங்கள், ஆகக் குறைந்த எண்ணும் அதன் திகதியும், எழுதிய குறிப்புகளில் முக்கியமானவை நாலு. இதைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வையுங்கள். முழுப் பட்டியலைக் கேட்டால் கொடுக்கலாம், கேட்காமல் நீட்ட வேண்டாம். வெளியே வரிசை வாசல்வரை நிற்கும்.

பெரியப்பாவின் முதல் தாளை டொக்டர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். கோட்டில் கண் ஓடியது. பிறகு குறிப்புகளில் மூன்று இடத்தில் வந்த "பம்ப் அடித்தும் இழுப்பு" என்பதில் பேனையை வைத்து, "ஐயா, பம்பை எப்படி அடிக்கிறீங்கள், ஒருக்கா காட்டுங்கோ" என்றார். பெரியப்பா வாயைத் திறந்து, பம்பை அடித்து, மூச்சை இழுக்காமலே வாயை மூடினார். தாதி பத்து நிமிடம் உட்கார வைத்துப் பழக்கினார்.

போகும்போது டொக்டர் இன்னொன்று கேட்டார். "இருந்து எடுத்தது எல்லாம் சரி. கேற்றடிக்கு நடந்து வந்தால் எவ்வளவு?" எங்களிடம் அந்த எண் இல்லை. நிலை நிரலில் "நடந்து" என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. இப்போது கிழமைக்கு இரண்டு நாள், டொக்டர் சொன்னபடி, பெரியப்பா விறாந்தையிலிருந்து கேற்றடிக்குப் போய் வருகிறார். நான் பக்கத்தில் நடக்கிறேன், களைத்தால் உடனே நிற்பது என்று பேச்சு. புறப்படும் முன் ஒன்று, திரும்பிவந்து கதிரையில் இருந்தவுடன் ஒன்று, இரண்டு நிமிடம் கழித்து ஒன்று. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சரியான பக்கத்தில் நின்று வாசிக்கிறார்.